தகட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கண்மாய்க்கரைப் பாதைகளைப் பற்றிய கட்டுரையில், 'ஜீப்புக்கு நானே சம்ப் கார்டு செய்து கெடுத்த கதை தனி' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தக் கதை இப்போது எனக்குத் தேவைப்படுகிறது.

எங்களுக்குக் கரிமூட்டத் தொழில். சீமைக்கருவேலம் வெட்டின காட்டுக்குள் ஜீப் போய்வர வேண்டும். போன மாசியில் ஒரு மூடு, அதாவது வெட்டின மரத்தின் அடிக்கட்டை, குத்தி இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் ஓட்டையாகிவிட்டது. வீட்டில் வெல்டிங் மிஷின் இருக்கிறதே என்று ஆறு மில்லித் தகடு வாங்கி, சம்புக்குக் கீழே காப்பாக மாட்டும் கார்டை நானே செய்தேன். ஓரத்துக்கு ஆங்கிள் வைத்து வெல்டு அடித்து முடித்தால், தகடு வில்லாக வளைந்து கிடக்கிறது. எட்டு ஓட்டையில் மூன்றுதான் சேசிஸோடு சேர்கிறது. தூக்கி மாட்ட இரண்டு ஆள் வேண்டும். அப்பா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? அலுமினியத்தில் செய்தால் துருத் தொல்லை இருக்காது அல்லவா? முன்னால் ஒரு பெரிய பம்பர் செய்யவும் ஆசை.

(பெயர் வேண்டாம்)
சாயல்குடி

அன்புள்ள தம்பி,

பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஆறு மில்லி அருமையான கனம், ஆனால் அது பிராக்கெட்டுக்கு. நல்ல இடமாகப் பார்த்து வெட்டிப் பிராக்கெட் ஆக்கிக்கொள்ளுங்கள். கார்டுக்கு நான்கு மில்லி போதும். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, மில்லிக்கு ஏழே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். 90க்கு 70 சென்டிமீட்டர் தகடு என்றால் ஆறு மில்லியில் 30 கிலோ, நான்கில் 20. அந்தப் பத்துக் கிலோ வித்தியாசத்தில், ஜாக்கியை வைத்து ஒரே ஆளாக மாட்டிவிடலாம்.

வளைந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் முதல் தகடு இதைவிட மோசம். மூன்று மில்லி. குறுக்கே இரண்டு ஆங்கிளை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பாக வெல்டு இழுத்தேன். கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால் வரிசை அவ்வளவு அழகு. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். டீ குடித்துவிட்டு வந்தால், மணலில் காயப்போட்ட கருவாடு மாதிரி தகட்டின் இரண்டு ஓரமும் மேலே தூக்கி நிற்கிறது. உருகிய வரி ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது தன் பக்கம் தகட்டை இழுக்கும். நீளமாக ஒரே வரி போட்டால் நீளம் முழுக்க இழுக்கும். நான் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்ட அந்தப் பையன்தான் முதலில் சிரித்தான்.

இரண்டாவது தகட்டில் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். சாண் இடைவெளியில் டேக், அதாவது பொட்டு வெல்டு மட்டும் வைத்தேன். பிறகு இரண்டு விரல் நீளம் இங்கே, ஆறவிட்டு எதிர் ஓரத்தில் இரண்டு விரல் நீளம். தகடு பலகை மாதிரி நேராக நின்றது. ஓட்டைகளையும் முன்கூட்டிப் போடவில்லை. பிராக்கெட்டுகளை சேசிஸில் ஏற்கனவே இருந்த ஓட்டைகளில் போல்ட் போட்டு நிறுத்தி, தகட்டை ஜாக்கியில் தூக்கி வைத்து, அடியில் படுத்துக் குறித்துக்கொண்டு, பிறகுதான் துளைத்தேன். துளையையும் வட்டமாக விடாமல் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டேன். எட்டு போல்ட்டும் கையாலேயே ஏறின. ஆயில் மாற்றும் அன்றுதான், கீழே வடிகால் நட்டுக்கு வழி விடவில்லை என்பது தெரிந்தது. சரி, அது சின்னத் தப்பு. கழற்றி ஒரு வட்டம் வெட்டியதோடு முடிந்தது.

பெரிய தப்பு வேறு. அது தெரிய ஒன்றரை வருஷம் ஆனது.

மணல் உள்ளே போகக்கூடாது என்று தகட்டைச் சுற்றிலும் ரப்பர் வைத்து இறுக்கியிருந்தேன். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் வேலை இருந்த காலம் அது. வாரத்தில் நாலு நாள் அந்தக் கரைகளில் வண்டி ஓடும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடிவயிறு வரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். இப்படிப் பார்த்துக்கொள்கிற வண்டிக்கு என்ன குறை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒரு நாள் கிளட்ச் வேலைக்காகத் தகட்டை இறக்கினேன். எட்டில் ஐந்து போல்ட் சுற்றவில்லை. கிரைண்டரால் தலையை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. தகடு இறங்கியதும் மேலே ஒரு கூடை மணல். ஒரு மாதமாக மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது, மணல் மட்டும் ஈரமாக இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அந்த மணலோடு ஒட்டிக் கிடந்த குறுக்குச் சட்டத்தை ஸ்குரூடிரைவரால் தட்டினேன். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் என்று கேட்டது. அடுத்த தட்டுக்குப் பழைய சுவர்க் காரை மாதிரி துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்து முகத்தில் விழுந்தது. கருவேல மூட்டுக்குப் பயந்து கார்டு போட்டேன். மூடு குத்தியிருந்தால் ஒரு சம்ப் போயிருக்கும். இதில் சட்டமே போய்க்கொண்டிருந்தது.

உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலும் காற்றும் படுகிற இரும்பு நனைந்தாலும் காய்ந்துவிடும். மூடி வைத்த இரும்பு காயாது. அதைவிடக் கொடுமை, நான் கழுவிய தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் வாரா வாரம் உள்ளே பீய்ச்சியிருக்கிறேன். இப்போது கடைசியாக இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். தள்ளுவண்டியில் விலைக்கு வாங்குகிற தண்ணீரை ஜீப்பின் வயிற்றில் ஊற்றுவதைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியில் வேன் ஓட்டிய ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். 2017இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறப்பதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் கடல் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப்போன வண்டிகளில் ஒன்று அவருடையது. "அடியில எதையும் மூடக்கூடாது தம்பி. வந்த தண்ணி வந்த வழியே போகணும்" என்றார். அவருடைய வண்டியும் துருதான், ஆனால் எங்கே துரு என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

சாண் சாணாக வைத்த என் வெல்டும் இதே கதையாகிவிட்டது. தகடு வளையவில்லை, ஆனால் ஆங்கிளுக்கும் தகட்டுக்கும் நடுவில் பிளேடு போகிற சந்து விட்டிருந்தேன். பெயிண்ட் அதற்குள் போகாது, உப்புத் தண்ணீர் போகும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோடும் சிறப்புப் பூச்சோடும், இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள் என்று படித்தபோது என் சந்துதான் ஞாபகம் வந்தது. இரும்பைக் கடற்காற்றில் காயப்போட்டுத் துருவைப் படிப்பதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இடம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊர் நம்முடையது.

அதனால் மூன்றாவது தகட்டில் ஆங்கிளே இல்லை. முன்னும் பின்னும் இரண்டு மடிப்பு. ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து பெண்டிங் போட்டு வாங்கினேன். மடிப்பே விறைப்பைக் கொடுத்துவிடும். வெல்டு இல்லை, வளைவு இல்லை, சந்து இல்லை. மடிப்புக்கு முன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வெட்டி அளவு பாருங்கள். அட்டையில் செய்த தப்புக்குக் காசு இல்லை. தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டு, தாழ்ந்த பக்கம் பெரிய பெரிய துளைகள் போட்டேன். பெயிண்டைக் கச்சான் காற்று வீசும் நாளில் அடிக்காதீர்கள். தகட்டில் உப்பும் மணலும் முதல் கோட்டாக விழுந்துவிடும்.

அலுமினியம் கேட்டிருந்தீர்கள். எடை மூன்றில் ஒரு பங்குதான், உண்மை. ஆனால் அதை இரும்புச் சட்டத்தில் இரும்பு போல்ட்டால் பிடித்து நடுவில் உப்புத் தண்ணீரை விட்டால், அங்கே ஒரு பேட்டரி தயாராகிவிடும். அதில் அலுமினியம்தான் கரையும். நண்பர் ஒருவரின் தகட்டில் போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு பூத்து, ஓட்டை தானாகப் பெரிதாகிக்கொண்டே போனது. துருவுக்குப் பயந்து ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, பக்கமும் போகாதீர்கள். நான் ஜி.ஐ. பைப்பை வெல்டு அடித்து அந்தத் துத்தநாகப் புகையைக் குடித்துவிட்டு, ராத்திரி முழுக்கக் குளிர்க்காய்ச்சலில் நடுங்கியிருக்கிறேன். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். குடித்தேன், நடுக்கத்தில் பாதி சட்டையில் ஊற்றியது.

வெல்டிங் ராடு பாக்கெட்டைத் திறந்து போடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் அது அப்பளம் மாதிரி நமத்துவிடும், வெல்டில் பொத்தல் விழும். வண்டியிலேயே டேக் வைப்பதாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

பெரிய பம்பர் வேண்டாம். வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வரும். முன்னால் மாட்டும் புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டம் கிடக்கட்டும், ஏர்வாடி சந்தனக்கூடு நேரத்தில் அந்த ரோட்டில் எவ்வளவு சனம் நடந்து போகும் என்று உங்களுக்கே தெரியும். இடுப்பு உயர இரும்போடு அங்கே எதற்கு?

அட்டையை வெட்டி சம்புக்கு அடியில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு போட்டோ அனுப்புங்கள். வடிகால் நட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி.

என் முதல் தகட்டைக் கேட்கவில்லையே. கோழிக்கூண்டுக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறது. அந்த வளைவில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு நிற்பதில்லை.