பித்தளை வட்டு எந்த ஊர்க்காரர்?

கேள்வி: ஜெய்ப்பூர் சுற்றுலா போனபோது ஒரு பழம்பொருள் கடையில் பித்தளை அஸ்ட்ரோலேப் ஒன்று வாங்கினேன். அரபு எழுத்துகள் பொறித்திருக்கின்றன. 300 வருடம் பழையது என்றார் கடைக்காரர். இது அசல்தானா? இதில் மணி பார்க்க முடியுமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன். (கோவை வாசகர்)

படங்களைப் பார்த்தேன். அஸ்ட்ரோலேப் என்பது சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை வைத்து மணி பார்க்கும் பழைய வானியல் கருவி. பின்பக்கமும் நடுத் தகடும் தெளிவாக இருக்கின்றன. மேலே சுழலும் வலை மட்டும் மங்கல். படத்தை வைத்து வயது சொல்கிறவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் இது கணக்குத் தெரிந்தவர் செய்ததா, அலங்காரத்துக்குச் செய்ததா என்பதை நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம்.

முதலில் வலை. அரபியில் இதற்கு 'அன்கபூத்', அதாவது சிலந்தி, என்று பெயர். இதில் மையம் விலகிய ஒரு வளையம் இருக்கும். 12 ராசிகளும் அதில்தான். ஒரு நூலை வைத்து ஒவ்வொரு ராசியின் நீளத்தையும் அளந்து பாருங்கள். எல்லாம் சமமாக இருந்தால் அது சுவரில் மாட்டுகிற சாமான். உருண்டையான வானத்தைத் தட்டையான தகட்டில் இறக்கும்போது வட துருவம் மையத்தில் வரும். அதிலிருந்து விலக விலக அளவு பெருக்கும். அதனால் வெளி விளிம்பை ஒட்டிய தனுசும் மகரமும், மையத்துக்கு அருகிலுள்ள மிதுனம், கடகத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும். நானே ஒரு காலத்தில் இந்த நூல் சோதனை தெரியாமல் நல்ல விலை கொடுத்து ஒன்றை வாங்கியவன். இப்போது அது என் மேஜையில் காகிதம் பறக்காமல் காக்கிறது.

அடுத்தது எழுத்து. பின்பக்க விளிம்பில் 0 முதல் 90 வரை உயர அளவு பொறித்திருக்கும், எண்ணாக அல்ல, எழுத்தாக. நம் பழைய கணக்கில் 'க' ஒன்று, 'உ' இரண்டு என்பதுபோல அரபியிலும் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. வழக்கமாக ஐந்தைந்தாகப் போகும்: 'ஹே' 5, 'யா' 10, 'யா-ஹே' 15, 'காஃப்' 20, 'காஃப்-ஹே' 25. அரபு தெரியாதவரும் ஒன்றைக் கவனிக்கலாம். ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் கடைசி எழுத்து அதே 'ஹே'யாக வர வேண்டும். உங்கள் படத்தில் அப்படித்தான் வருகிறது. நல்ல அறிகுறி. ஆனால் பழசு என்பதற்கு அது சான்று ஆகாது. அசலைப் பார்த்து ஒழுங்காகப் பிரதி எடுத்திருக்கலாம்.

நிஜமாகவே 300 வருடம் பழையது என்றால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். அதை விற்பதற்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கும் கொண்டுபோக முடியாது. ரசீதில் கடைக்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். வாயால் 'முந்நூறு வருடம்' என்றவர் ரசீதில் 'கைவினைப்பொருள்' என்று எழுதியிருந்தால் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

சரி, மணி பார்க்க முடியுமா? இங்கேதான் சிக்கல், அது அசலா நகலா என்பதைவிடப் பெரிய சிக்கல். அஸ்ட்ரோலேப் ஊர் பார்த்துச் செய்யப்படும் கருவி. நடுத் தகட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வளைவுகள் அடிவானத்திலிருந்து 6, 12, 18 என்று உயரத்தைக் காட்டுபவை. மையத் துளைதான் துருவம். துருவம் எந்த உயரத்தில் தெரிகிறதோ அதுவே அந்த ஊரின் அட்சரேகை. உங்கள் தகட்டில் துளை 30-க்கும் 36-க்கும் இடையே, 30-க்குச் சற்று மேலே விழுகிறது. அதாவது சுமார் 32 டிகிரி: இஸ்ஃபஹான் பக்கம், அல்லது லாகூர் பக்கம். கோவையோ 11 டிகிரி.

லாகூர் என்றதும் சும்மா விட மனமில்லை. முகலாய மன்னர் ஹுமாயூன் காலத்துக் கைவினைஞர் அல்லாஹ்தாத் தொடங்கி ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறை அங்கே அஸ்ட்ரோலேப் செய்யும் தொழிலைச் செய்தது. அவர்கள் கருவிகளில் தகடுகளைத் தாங்கும் அடித்தட்டின் உட்பக்கத்தில் ஊர்ப்பெயர்களும் அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையும் வரிசையாக இருக்கும். உங்களுடையதில் தகடுகளைக் கழற்றிப் பாருங்கள்.

ஊர் மாறினால் தகடு மாற வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆங்கிலக் கவிஞர் சாசர் 1391-இல் தன் 10 வயது மகன் லூயிஸுக்கு அஸ்ட்ரோலேப் பற்றி எழுதியபோது, இது ஆக்ஸ்ஃபோர்டு அட்சரேகைக்கானது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். 2024-இல் இத்தாலியின் வெரோனா அருங்காட்சியகத்தில் இருந்த 11-ஆம் நூற்றாண்டு ஆந்தலூசிய (முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயின்) அஸ்ட்ரோலேப் ஒன்றைப் பற்றிய ஆய்வு வந்தது. முஸ்லிம் கைவினைஞர் செய்த கருவி. அதன்மேல் பின்னால் வந்த யாரோ ஹீப்ரு எழுத்தில் கீறியிருக்கிறார்கள், அதற்கும் பிறகு இன்னொருவர் ஐரோப்பிய எண்களில் அட்சரேகைகளைத் 'திருத்தி' இருக்கிறார். அந்தத் திருத்தங்களில் சில தப்பு! நம் பக்கத்தில், ஃபிரோஸ் ஷா துக்ளக் அவையில் இருந்த ஜைனர் மகேந்திர சூரி 1370-இல் இதைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் நூல் எழுதினார். அவர் வைத்த பெயர் 'யந்திரராஜம்'. ராஜாவானாலும் தன் ஊரில்தானே செல்லுபடி.

உங்கள் ராஜா கோவையில் என்ன செய்வார் என்று கணக்குப் போட்டேன். மார்ச் 21 அன்று காலை சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது கோவைச் சூரிய நேரம் 8:03. இந்தத் தகடு 8:25 என்று சொல்லும். பரவாயில்லை போலிருக்கிறதா? 55 டிகிரி ஏறும்போது உண்மையில் மணி 9:46. தகடு 11:00 என்கிறது. நண்பகலில் உங்கள் சூரியன் 79 டிகிரியில் நிற்கும். இந்தத் தகட்டில் அன்றைய சூரியன் 58-க்கு மேல் ஏறவே ஏறாது. விடையே கிடையாது.

வழி இருக்கிறது. 11 டிகிரிக்கு ஒரு அட்டைத் தகடு வரைந்துகொள்ளுங்கள். நிலநடுக்கோட்டு வட்டத்தின் ஆரம் 50 மில்லிமீட்டர் என்றால் வெளி விளிம்பின் ஆரம் 76. உங்கள் கருவிக்கு ஏற்றபடி எல்லா அளவையும் அதே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். அடிவானத்துக்கு ஆரம் 262 மில்லிமீட்டர். அந்த வட்டத்தின் மையம் துளைக்கு நேர் மேலே 257-இல். ஆக, வளைவு துளைக்கு 5 மில்லிமீட்டர் கீழே, கிட்டத்தட்ட நேர்கோடாக ஓடும். மற்ற உயர வளைவுகளுக்கும் சூத்திரம் சுலபம். ஊரின் அட்சரேகையின் சைனையும் உயரத்தின் சைனையும் கூட்டுங்கள். உயரத்தின் கோசைனை அதால் வகுத்து 50-ஆல் பெருக்கினால் ஆரம். அட்சரேகையின் கோசைனை அதே கூட்டுத்தொகையால் வகுத்து 50-ஆல் பெருக்கினால் மையத்தின் தூரம்.

அப்புறம் அளப்பது. வளையத்தில் விரலை விட்டுக் கருவியைத் தொங்கவிடுங்கள். பின்பக்கச் சட்டத்தின் இரு முனையிலும் உள்ள துளை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். அந்தச் சட்டத்தைத் திருப்பி, மேல் துளையில் நுழைந்த வெயில் கீழ்த் துளை வழியாகவும் வந்து உள்ளங்கையில் புள்ளியாக விழும்வரை பாருங்கள். அதுதான் உயரம். முன்பக்கத்தில், காலை வேளையானால், அன்று சூரியன் இருக்கும் ராசிப் பாகையை அந்த உயர வளைவின் கிழக்குப் பாதியில் வரும்படி வலையைத் திருப்புங்கள். மையத்திலிருந்து அந்தப் பாகை வழியாக ஒரு கோடு இழுத்தால் விளிம்பில் நேரம் வரும். 15 டிகிரிக்கு ஒரு மணி.

இந்த இடத்தில் நம் ஆட்கள் தவறாமல் சறுக்குவார்கள். பஞ்சாங்கத்தைப் பார்க்காதீர்கள். நமக்கு மேஷம் பிறப்பது சித்திரை 1. அஸ்ட்ரோலேபில் மார்ச் 20 அல்லது 21. இரண்டுக்கும் இப்போது சுமார் 24 டிகிரி வித்தியாசம். மார்ச் 21-ஐ மேஷம் 0 என்று வைத்து நாளுக்கு ஒரு டிகிரி கூட்டிக்கொண்டால் போதும்.

கிடைப்பது சூரிய நேரம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, கோவை 77-ஐ ஒட்டி. அதற்கு 22 நிமிடம் கூட்ட வேண்டும். சூரியனும் வருடம் முழுவதும் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது, மார்ச் 21-இல் 7 நிமிடம் பின்தங்கும். ஆகவே அந்த 8:03 உங்கள் கைபேசியில் 8:32. இரவில் நட்சத்திரங்களை வைத்துப் பார்ப்பதானால், வலையில் நட்சத்திரங்களைக் குறிக்கும் முட்கள் நிஜமாகவே 300 வருடத்துக்கு முந்தைய வானத்தைக் காட்டினால் இன்னும் ஒரு கால் மணி நேரம் பிசகும்.

வாங்கிய கையோடு புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். வேண்டாம், பொறிப்பு மழுங்கிவிடும்; உலர்ந்த மெல்லிய துணி போதும். அட்டைத் தகடு தயாரானதும் பழைய 32 டிகிரித் தகட்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். அடியில் அதை வைத்து, மேலே கோவையை வையுங்கள். அசல் கருவிகளிலும் தகடுகள் அப்படித்தான், ஊர்மேல் ஊராக அடுக்கியிருக்கும்.