ஹெலிகாப்டர் தரையில் இருக்கும்போதே விமானியின் கவனக்குறைவால் விபத்து நடக்குமா?

நடக்கும். நான் விமானி இல்லை, விபத்து அறிக்கைகளைத் தேடிப் படிப்பவன், அவ்வளவுதான். நடுவானில் இஞ்சின் நின்று விழுந்த கதைகளை விட இந்த வகைதான் என்னை அதிகம் உறுத்தும்.

தரையில் நிற்கிறது என்று நாம் நினைத்தாலும், மேலே ரோட்டர், அதாவது பிளேடுகள் பொருத்திய விசிறி, சுற்றும்வரை ஹெலிகாப்டர் பாதி பறந்துகொண்டுதான் இருக்கிறது. ராபின்சன் ஆர்44 போன்ற சிறிய ஹெலிகாப்டரிலேயே அது நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று சுற்றும்.

காற்றுக்காக ஹெலிகாப்டரைத் தரையோடு கட்டிவைப்பார்கள். புறப்படும் முன் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்க்காத விமானி, ஒரு பக்கக் கட்டை அவிழ்க்க மறந்துவிடுகிறார் என்று வையுங்கள். ஹெலிகாப்டரை மேலே எழுப்பும் கலெக்டிவ் நெம்புகோலைத் தூக்கியதும் ஒரு கால் எழும்பும், மற்றது எழும்பாது. மாட்டிக்கொண்ட காலை அச்சாக வைத்து மொத்த உடலும் பக்கவாட்டில் உருள ஆரம்பிக்கும். இதற்கு டைனமிக் ரோல்ஓவர் என்று பெயர். 5 முதல் 8 டிகிரி சாய்ந்துவிட்டாலே பல ஹெலிகாப்டர்களில் ஹெலிகாப்டரைச் சாய்க்கும் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளிப் பயனில்லை. பதற்றத்தில் கை இன்னும் மேலே தூக்கத்தான் பார்க்கும், அது உருளலை வேகப்படுத்தும். கலெக்டிவை இறக்குவதுதான் வழி. அதையும் சட்டென்று போட்டால் அடுத்த பக்கம் உருண்டுவிடலாம். யோசிக்கக் கிடைப்பது ஓரிரு விநாடிதான். பிளேடு தரையில் அடித்துச் சிதறினால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து.

சேற்றிலோ சரிவிலோ இப்படி ஆனால் கவனக்குறைவு என்று உடனே சொல்லமாட்டேன், தேர்ந்தவர்களுக்கும் நடந்திருக்கிறது. கட்டை அவிழ்க்காமல் கிளம்புவது வேறு விஷயம்.

அப்புறம், ரோட்டர் சுற்றும்போதே இருக்கையை விட்டு இறங்குவது. கதவைச் சரியாகச் சாத்த, யாரையோ கூப்பிட என்று ஏதோ ஒரு சின்ன வேலை இருக்கும். அணைத்துவிட்டு இறங்கலாமே என்றால், அதற்கு முன் இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடு தணிக்க வேண்டும். அந்தப் பொறுமை இருப்பதில்லை. ஆளில்லாத நேரத்தில் கலெக்டிவ் தானாக மெல்ல மேலேறி, ஹெலிகாப்டர் எழும்பவோ கவிழவோ செய்யும். ராபின்சன் நிறுவனம் தன் 17-வது பாதுகாப்புக் குறிப்பில் இதையே சொல்லி, இஞ்சின் ஓடும்போது இறங்கவே கூடாது என்கிறது. பயணிகள் ஏறி இறங்கும்போதும் விமானி ஸ்டிக்கையும், இஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுபிடியான த்ராட்டிலையும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டுமாம். இருக்கையில் நகர்ந்து உட்காரும் ஒருவர் தெரியாமல் த்ராட்டிலைத் திருகிவிட்டாலே போதும்.