ராஜ்தூத் 350 என்ற பழைய பைக்கை வாங்கலாமா? ஏன் அது கண்ணிலேயே படுவதில்லை?

யார் வீட்டுப் பின்கட்டிலோ தார்ப்பாய் போர்த்திய வண்டியைப் பார்த்து, விலையும் பேசியிருப்பீர்கள். வாங்குங்கள். ஆனால் மைலேஜைக் கேட்காதீர்கள். "பிஸ்டன் இப்ப என்ன சைஸ்ல ஓடுது?" என்பதுதான் முதல் கேள்வி.

என்னிடம் இருப்பது எங்கள் மாமாவின் 1986 வண்டி, 30.5 குதிரைத்திறன் எச்.டி. (ஹை டார்க், இழுவை கூடிய மாடல்). அவர் போன பிறகு ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒன்பது வருடம் சும்மாவே நின்றது. அதை உயிர்ப்பித்துக் கொடுத்த மெக்கானிக், இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் எண்ணெய் தள்ளும் ஆயில் பம்ப் ஓடவில்லை என்று அதைக் கழற்றிவிட்டார். "பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டுங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். நம்பினேன்.

சேலத்துக்கு இறக்கம், 20 கொண்டை ஊசி வளைவு. இதன் மூல வண்டியான ஜப்பான் யமஹா ஆர்டி 350-க்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்; நமக்குக் கொடுத்தது டிரம். சூடேறினால் பிடிக்காதே என்று ஆக்ஸிலேட்டரை முழுசாக மூடி, இரண்டாவது கியரிலேயே இறக்கினேன். ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறையும், அதில் கலந்த ஆயிலும் குறையும். பிஸ்டனுக்கு வேறு எண்ணெய் கிடையாது. பாதி மலையில் சத்தம் கரகரத்தது. அடுத்த நொடி பின்சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி நின்று தார் ரோட்டில் தேய்ந்தது. கை தானாக கிளட்ச்சைப் பிடித்ததால் இன்று இதை எழுதுகிறேன். இதுகூடத் தெரியாமலா ஓட்டினாய் என்பவர்களுக்கு: அப்போது வயது 23, சொல்லித்தர மாமா இல்லை.

பிரித்துப் பார்த்தால் இரண்டு பிஸ்டனில் இடது பிஸ்டனில் நகத்தால் பிறாண்டிய மாதிரி கோடுகள். அலுமினியம் உருகி, சிலிண்டர் சுவரில் வெள்ளி பூசியதுபோல் ஒட்டியிருந்தது.

அது 64 மி.மீ. சிலிண்டர். ஒவ்வொரு தடவை ஜாம் ஆகும்போதும் லேத்தில் சிலிண்டர் துளையைக் கடைந்து அகலமாக்கி, 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் மாட்ட வேண்டும். பிறகு 0.50, 0.75, கடைசியாக 1.00. அதற்கு மேல் சிலிண்டருக்குள் புது உறை (ஸ்லீவ்) போடுவதுதான். எஸ்கார்ட்ஸ் கம்பெனி இந்த வண்டியை 1983-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்து வருடம்கூட வரவில்லை. அதனால் பாகம் கிடைக்காமல் ஒன்று ஓட இன்னொன்றைப் பிரிக்கிறோம்; கண்ணில் படாததும் அதனால்தான். நானும் நாமக்கல் பக்கம் ஒன்றை வாங்கிப் பிரித்தேன். அந்த வண்டியை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. யெஸ்டி, ஜாவா என்று வேறு பழைய பைக் வைத்திருக்கும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கஷ்டமும் தெரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 15 வருடம் தாண்டிய பைக்குக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. விண்டேஜ் என்ற மரியாதையோ 50 வருடம் ஆனால்தான். என் வண்டிக்கு அது 2036-ல். அதுவரை கட்டணமும் சந்தேகப் பார்வையும்தான். வீட்டில் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்பவனையும், புகை கக்க விட்டு ஊர் சுற்றுபவனையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆயில் பம்ப் இல்லாத வண்டி என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கினால் பம்ப் மாட்டாமல் மலை ஏறாதீர்கள். என்னுடையது இப்போது 0.50-ல் ஓடுகிறது, பம்ப்பும் தேடி மாட்டிவிட்டேன். 0.75 பிஸ்டன் ஒரு ஜோடி, மாமாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் இருக்கிறது. தயவுசெய்து அதை விலைக்குக் கேட்காதீர்கள்.