பரத வகுப்பு வாசலில் அழும் பிள்ளைக்கு

அக்கா, மகளுக்கு 5 வயசு, நாகர்கோவிலில் பரத வகுப்பு வாசலிலேயே அழுகிறாள், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு நிறுத்துங்கள். முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டிக்கு அந்தக் கால்கள் இன்னும் தயாராகவில்லை.

முதலில் அவள் பார்க்கட்டும். பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு இருந்தால் சாயங்காலமே போய் முன்னால் உட்காருங்கள். வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் பட்டு வில்மணிகள் குலுங்குவதும், குடத்தின் வாயில் விழும் அடியும், உடுக்கையும் பிள்ளைகளைப் பிடித்து வைக்கும். புலவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவார்கள். என் மகன் மறுநாள் வீட்டில் நான் எது சொன்னாலும் சரியான இடத்தில் 'ஆமா' போட்டான். தாளம் அவனுக்கு அங்கேதான் பிடிபட்டது. நள்ளிரவுச் சாமியாட்டம் வரை இருக்க வேண்டாம், பயந்துவிடுவாள். தோல் பாவைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டிக் கதை சொல்லும் தோல்பாவைக் கூத்து நடந்தால் அதையும் விடாதீர்கள். முடிந்ததும் திரைக்குப் பின்னால் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பரதத்தை 7 வயசில் அவளிடமே மறுபடி கேட்டுப் பாருங்கள்.