சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 48, எடை 74 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை. காலை 7 மணிக்கு கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1. இந்த வருடமாவது உடம்பைச் சரிசெய்ய வேண்டும் என்று யூடியூப் பார்த்து ஜனவரி 1 முதல் 16 மணி நேர விரதம், தினமும் 10,000 அடி நடை, வெறும் வயிற்றில் சிறுகுறிஞ்சான் பொடி என்று ஆரம்பித்தேன். பகல் 12 மணிக்குத்தான் முதல் சாப்பாடு. 3 கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் முடி கொட்டுகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது, மலச்சிக்கல், நடக்கும்போது வாட்ச்சில் இதயத் துடிப்பு 128 காட்டுகிறது. சில நாள் 11 மணி வாக்கில் கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வருகிறது. போன வாரம் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை போட்ட டீ குடித்ததும் சரியானது. பொங்கலன்று மட்டும் மனசு கேட்காமல் காலையிலேயே சாப்பிட்டுவிட்டேன். அன்று ஒன்றும் வரவில்லை. அம்மா 56 வயதில் மாரடைப்பில் போனார். அவருக்கும் முதலில் வியர்த்துத்தான் கொட்டியது. எனக்கும் அதுதானா? விரதத்தை விட்டால் இந்த வருடமும் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமே?
- வாசகி, விருதுநகர்

பதில்: பொங்கலன்று சாப்பிட்டதை ஒரு குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரியே அதுதான். காலையில் சாப்பிட்ட நாளில் நடுக்கம் வரவில்லை, சாப்பிடாத நாளில் வருகிறது, இனிப்பு டீ உள்ளே போனதும் அடங்குகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மாரடைப்பு அப்படி ஒரு டீயில் அடங்காது.

ஏன் தாழ்கிறது? உங்கள் மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. மெட்பார்மின் சாது, தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு அப்படியில்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் இட்லி சாப்பிட்டீர்களா, விரதமா என்று அதற்குத் தெரியாது. காலை உணவோடு போட வேண்டிய மருந்து அது. 7 மணிக்கு அதை விழுங்கிவிட்டு 12 மணி வரை பட்டினி கிடந்தால், சுரந்த இன்சுலின் இருக்கிற சர்க்கரையைத்தான் இழுத்துக்கொண்டு போகும். அதோடு காலை நடை, அதோடு சிறுகுறிஞ்சான். எல்லாமே சர்க்கரையை ஒரே திசையில் கீழே தள்ளுகின்றன.

அந்தப் பொடியை இன்றோடு நிறுத்துங்கள். இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்று வீடியோவில் சொல்பவர் நீங்கள் ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாரா? சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பித்தானே சாப்பிடுகிறீர்கள்! அப்படியானால் அதுவும் மருந்துதான். ஒரு மருந்தின் மேல் இன்னொன்றை, அளவு தெரியாமல், மருத்துவரிடம் சொல்லாமல் ஏற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. இப்படி மயங்கி விழுந்தவர்களை ஆம்புலன்ஸிலிருந்து இறக்குவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, அடுத்த தடவை நடுக்கமும் வியர்வையும் வந்தால் என்ன செய்வது? வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள். கையில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை, 54க்குக் கீழே என்றால் அபாயம். மீட்டர் இல்லையென்றால் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பிஸ்கட், சாக்லேட், கடலைமிட்டாய் வேண்டாம். அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். அப்புறம் கட்டாயம் சாப்பாடு. கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்யும் மருந்து என்பதால், குடித்த இனிப்பு தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். உடம்பு தெளிந்த பிறகும் முக்கால் மணி நேரத்துக்கு ஸ்கூட்டியைத் தொடாதீர்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: நீங்கள் நினைவிழந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அட்டனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக இருக்கலாம்.

இப்போது அம்மாவைப் பற்றி. உங்கள் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. சர்க்கரை உள்ள பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் வியர்வையும் மூச்சிரைப்பும் களைப்புமாக மாரடைப்பு வருவதுண்டு. அதனால் இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு இசிஜியும் எடுத்துவிடுங்கள். இனிப்பு குடித்தும் 15 நிமிடத்தில் அடங்காத வியர்வை, மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வந்து நின்றால் குறையும் நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல் - இவற்றை வாயு என்று சொல்லி இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டிருக்காதீர்கள். வியர்வை அடங்காவிட்டாலும், வலியோ மூச்சுத்திணறலோ உட்கார்ந்த பிறகும் விடாவிட்டாலும் நேராக 108. நடக்கும்போது வந்து நின்றதும் போய்விடுகிற இறுக்கம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை காலை உணவோடு சேர்த்தே மாத்திரையைப் போடுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காலையில் எழுந்ததும், 11 மணிக்கும் எடுத்த அளவுகளைக் குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டையையும் அந்தப் பொடி டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் கிளிமிபிரைடின் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். ரம்ஜான் நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிகள் நோன்புக்கு முன்பே வந்து மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கிப் போவார்கள். விரதம் இருப்பதானால் அதுதான் முறை.

மற்றவை பெரிதல்ல. மூன்று வாரம் முன்பு தொடங்கிய விரதத்தால் இப்போது முடி கொட்டாது; உடம்புக்கு ஏற்பட்ட அதிர்ச்சி முடியில் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வயதில் நடக்கும்போது துடிப்பு 128 போவது இயல்பு. நடந்துகொண்டே பேச முடிந்தால் போதும், வாட்ச்சைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழகாத நடைக்குக் கெண்டைக்கால் வலிக்கத்தான் செய்யும், இன்னும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். இரவில் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று மட்டும் தவறாமல் பாருங்கள். மலச்சிக்கலுக்குக் காய்கறியும் தண்ணீரும். குறைந்த 3 கிலோவில் ஒரு பகுதி நீர்தான். வேகமாகக் குறைகிறதே என்று மகிழ வேண்டாம்.

தோற்றுப்போவது பற்றிக் கேட்டீர்கள். விரதத்தை விட்டால் நீங்கள் தோற்கவில்லை, உங்கள் மாத்திரைக்குப் பொருந்தாத ஒன்றை விடுகிறீர்கள், அவ்வளவுதான். லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக வரும் அளவுக்குப் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆனது. நடுவான கணக்கு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. 21 நாளில் ஆளே மாறிவிடலாம் என்று சொல்லும் வீடியோக்களால்தான் 22ஆம் நாள் குற்ற உணர்ச்சியோடு எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறார்கள். 10,000 அடி என்பதும் வேதவாக்கு இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவுக் கருவியோடு பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. நீங்கள் அதில் பாதியில் தொடங்கினாலும் எனக்குச் சம்மதம்.

இந்தத் தை மாதத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இரவு உணவை 8 மணிக்குள் முடித்துவிட்டு 15 நிமிடம் நடப்பது. தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் சரி. சாப்பிட்ட பின் நடக்கும்போது தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், வெறும் வயிற்று நடையில் உங்களுக்கு உள்ள ஆபத்தும் குறையும். அப்புறம் மறுநாள் காலை 8 மணிக்குச் சாப்பாடு. அதுவே 12 மணி நேர இடைவெளி, அது போதும். மாத்திரை நேரத்தையும் அந்த 8 மணிச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இது ஒரு மாதம் சிரமமில்லாமல் ஓடினால் மாசியில் மதியத் தட்டில் கைவையுங்கள்: சோறு ஒரு கரண்டி குறைவு, பொரியல் இரண்டு மடங்கு, கூடவே சுண்டலோ முட்டையோ. உங்கள் எடையில் 5 சதவீதம், அதாவது நாலு கிலோவுக்கும் குறைவு, மெதுவாகக் குறைந்தாலே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும்.

மூன்று மாதச் சராசரி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் கணக்கு. அந்த அணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால்தான் அதை அவசரப்பட்டுப் பார்த்துப் பயனில்லை. சித்திரை பிறந்ததும் எடுங்கள். 8.1 என்பது 7.5 ஆகியிருந்தாலே நல்ல இறக்கம். இடையில் ஒருமுறைகூட 70க்குக் கீழே போகாமல் அந்த இறக்கம் வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.