கீரை: எத்தனை கப், எத்தனை கிராம்?

கேள்வி: குறிப்பில் பாலக்கீரை 2 கப் என்று இருக்கிறது. கிராமில் எவ்வளவு?

பதில்: ஆய்ந்த இலையாக 60 கிராம். பச்சைப் பாலக்கீரை ஒரு கப் சுமார் 30 கிராம் என்பதுதான் வழக்கமான கணக்கு. கட்டாக வாங்கினால் தண்டும் வேரும் கழியும், அதையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: நான் அளந்தால் ஒரு கப்பே 50 கிராமுக்கு மேல் வருகிறது சார். கப் தப்பா, தராசு தப்பா?

பதில்: அமுக்கி அளந்திருப்பீர்கள். 30 கிராம் என்பது இலையைத் தளர்வாகப் போட்டு, அமுக்காமல் தலைதட்டி அளந்த கணக்கு. கப்பைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, அதே கீரையை ஒரு தடவை தளர்வாகவும் ஒரு தடவை விரலால் அழுத்தியும் நிரப்பிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். 240 மில்லி கப்பா, 250 மில்லி கப்பா என்று சிலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதில் வருவது 4 சதவீத வித்தியாசம்தான், கை அழுத்தத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அப்புறம், அலசிய கீரையை நன்றாக உதறிவிட்டு நிறுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரையும் சேர்த்து நிறுப்பீர்கள்.

கேள்வி: கேல் கீரை ஒரு கப், ஒரு அட்டவணையில் 67 கிராம், இன்னொன்றில் 21. எதை நம்புவது?

பதில்: எப்படி நறுக்கி, எப்படி நிரப்பி அளந்தது என்று சொல்லும் அட்டவணையை நம்புங்கள். சொல்லாததை ஒதுக்கிவிடுங்கள். கேல் இலை சுருள்சுருளாக இருப்பதால் கப்பில் காற்றுதான் அதிகம். முட்டைக்கோஸில் இந்தத் தொல்லை குறைவு: சீவியது ஒரு கப் 70 கிராம், நறுக்கியது 89.

கேள்வி: வெந்த கீரை ஒரு கப் வேண்டும். பச்சையாக எவ்வளவு எடுப்பது?

பதில்: பாலக்கீரை என்றால் அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, 450 கிராம் எடுங்கள். அது பச்சையில் 15 கப்! இலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். சூடு பட்டதும் துவண்டு, காற்றும் போய், நீரும் இறங்கிவிடும். வடித்த கீரை ஒரு கப் 180 கிராம் நிற்கும்.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கீரையைத் தினமும் ஒரே அளவில் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கப் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கிராமில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்வது கீரையில் உள்ள வைட்டமின் கே. பச்சைப் பாலக்கீரை ஒரு கப்பில் அது சுமார் 145 மைக்ரோகிராம், வெந்ததில் 890-ஐ ஒட்டி வரும். இரண்டும் 'ஒரு கப்'தான், ஆனால் ஆறு மடங்கு வித்தியாசம். இங்கே அளவு ஏறி இறங்கக்கூடாது என்பதுதான் முக்கியம். சமைக்கும் முன் எடை போட்டு, தினமும் அதே எடை, அதே கீரை. எத்தனை கிராம் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நறுக்கிய கொத்தமல்லி 2 டேபிள்ஸ்பூன் என்றால்?

பதில்: ஒரு கப்பே 16 கிராம்தான், ஆக 2 டேபிள்ஸ்பூன் 2 கிராம். சமையலறைத் தராசு பல அந்த எடையைச் சரியாகக் காட்டாது. ஸ்பூனாலேயே போடுங்கள்.