கிம்பல் இருந்தும் காட்சி குதிப்பது ஏன்?

கேள்வி: மூன்று அச்சு எலக்ட்ரானிக் கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் தாங்கி) வாங்கிய பிறகும், நடந்துகொண்டே எடுக்கும் காட்சிகள் மேலும் கீழும் குதிக்கின்றன. கருவியில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. கிம்பலின் மூன்று மோட்டார்களும் கேமரா பக்கவாட்டில் திரும்புவதையும், மேலும் கீழும் சாய்வதையும், இடம் வலமாகச் சரிவதையும் மட்டுமே திருத்துகின்றன; ஒவ்வோர் அடிக்கும் உங்கள் உடலோடு சேர்ந்து கேமரா முழுவதுமாக ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க இயலாது. 1970-களில் காரெட் பிரவுன் உருவாக்கிய, உடலில் அணியும் கேமரா தாங்கியான ஸ்டெடிகேமில், உடுப்போடு பிணைந்த ஸ்பிரிங் கை அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்கிறது; அதற்காகவே அதன் எடையைப் பொறுத்துக்கொண்டு இன்றும் பலர் அதைச் சுமக்கிறார்கள். உங்களுக்கு முழங்கால்தான் ஸ்பிரிங்: அதைச் சற்றே மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை மெதுவாகப் பதித்து நடந்து பழகுங்கள். சட்டகத்துக்குள் அருகிலேயே ஒரு தூணோ மேசையோ இருந்தால் குதிப்பு அப்பட்டமாகத் தெரியும். தொலைவில் உள்ளவற்றில் அவ்வளவு தெரியாது.

எடைச் சமநிலையையும் ஒருமுறை பாருங்கள். மோட்டாரை அணைத்துவிட்டு, பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் அனைத்தையும் பொருத்திய பின், கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அது அங்கேயே நிற்க வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து சமன் செய்துவிட்டு, படப்பிடிப்பில் மோட்டார் நடுங்கியதைக் கண்டு விழித்தவர்களுள் நானும் ஒருவன்.